பூட்டிய வீட்டின் ஆறு யூனிட்

மகளின் வீட்டு மின்சார பில் என் போனுக்குத்தான் வரும். அடம்பன் பக்கம் அவளுக்குச் சீதனமாக அந்த வீட்டைக் கட்டியபோது மின் இணைப்புக்கு விண்ணப்பித்தவன் நான். பிறகு வீட்டு உறுதிப் பத்திரத்தை அவள் பெயரில் எழுதினேன். பாதர் வந்து ஜெபித்து வீடு மந்திரித்தார். சாவியையும் அவள் கையில் கொடுத்தேன். கரண்ட் மட்டும் என் பெயரில் கிடந்தது. மாற்ற வேண்டும் என்று வருடத்துக்கொரு தடவை நினைப்பேன், பிறகு விட்டுவிடுவேன்.

விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மாதத்தில் ஒரு நாள் அந்த மெசேஜ் வரும். கணக்கு இலக்கத்தைச் சொல்லிப் பணத்தை அவள் கட்டிவிடுவாள், தொகையை நான் பார்ப்பதில்லை. யூனிட்டைப் பார்ப்பேன். கூடியிருந்தால் வெயிலுக்கு இரண்டு ஃபானும் ஓடியிருக்கின்றன. குறைந்திருந்தால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்து நின்ற மாதம். மருமகன் கட்டாரிலிருந்து லீவில் வந்தால் யூனிட் ஏறும். அவருக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கிரிக்கெட் வேண்டும். தோட்டவெளியில் என் வீட்டு வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கடலைக் கடக்கும் தாம்போதிப் பாதைக்கு அப்பால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அந்த ஒரு எண்ணிலிருந்து நான் அறிந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கணித ஆசிரியனுக்கு இது ஒரு சின்னச் சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாரியில் வெள்ளம் வந்தது.

கட்டுக்கரைக் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று காலையில் சொன்னார்கள். மகளுக்குப் போன் எடுத்தேன். “முத்தத்திலை தண்ணி நிக்குதப்பா, பயப்பிடாதேங்கோ” என்றாள். அதற்குப் பிறகு அவள் போன் வேலை செய்யவில்லை. மத்தியானம் பள்ளிமுனையிலிருந்து மீன்பிடிப் படகுகளை ட்ரக்டர் பெட்டிகளில் ஏற்றி வெள்ளத்துக்குள் கொண்டுபோனார்கள். ஒன்றில் நானும் ஏறினேன். கடலில் ஓடுகிற படகு வயலுக்கு மேலே ஓடியது. என்ஜினின் விசிறியில் நெற்பயிர் சுற்றிக்கொள்ளும். நிறுத்தி, தூக்கி, பிடுங்கிவிட்டு மறுபடி ஓடுவார்கள். வேலிக் கட்டைகளின் நுனிகள் தண்ணீருக்கு மேல் வரிசையாக நின்றன. மழை விட்டிருந்தது. எல்லாம் மிக அமைதியாக, யாரோ துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அந்த அமைதியைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

மகளும் பேத்தியும் குசினிக்கு மேலே இருந்த கொங்கிறீற் தட்டில் ஒரு குடைக்குக் கீழ் இருந்தார்கள். நாலு வயதுப் பேத்தி எங்களைக் கண்டு, பஸ்ஸை மறிப்பதுபோல் கையை நீட்டினாள். நான் அழுதேன். படகுக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “மாஸ்டர், கரைக்குப் போய் அழுங்கோ. இஞ்சை உள்ள தண்ணியே காணும்.”

அந்த வீட்டின் அத்திவாரத்தில் ஒரு வரிசைக் கல்லைக் குறைத்தவன் நான். மேசன் சொன்னார், பள்ளக் காணி, இன்னொரு வரிசை வைப்பம் என்று. கூரைக்கு மரம் வாங்க வேண்டியிருந்தது, போதும் என்றேன். படகில் இருந்துகொண்டு, சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பார்ப்பேன், நான் குறைத்த கல்லை நினைப்பேன், மறுபடி பார்ப்பேன்.

இருவரும் எங்களோடு வந்து தங்கினார்கள். ஒரு கிழமை கழித்து, வெள்ளம் வடிந்த பிறகு, உடுப்புகளையும் உறுதியையும் எடுக்க நானும் மகளும் போனோம். அந்தப் பகுதிக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. எங்கள் சனங்களின் எல்லா வீடுகளிலும்போல் அவளுடைய முன்னறைச் சுவரிலும் அந்தோனியார் சுருவத்துக்கு, அந்தச் சிலைக்கு, முன்னால் ஒரு சின்னச் சிவப்புப் பல்ப் இருக்கும். வீடு மந்திரித்த நாளில் ஏற்றினால் அதை நிறுத்துவதில்லை. அன்றைக்கு அது இருண்டு கிடந்தது. சுருவத்தின் பாதம்வரை சேறு. நான் போய் மெயின் சுவிச்சை மேலும் கீழுமாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

பஸ் தாம்போதியில் ஏறியபோது நினைவு வந்தது. சுவிச்சை மேலே விட்டேனா, கீழே விட்டேனா?

மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் அவள் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். அவள் அந்த வீட்டுக்குள் இன்னொரு தடவை போகக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அடம்பனில் முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். வேலைக்குப் போவதை என்னால் தடுக்க முடியவில்லை. காலையில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போவாள். முன்பள்ளி மத்தியானத்துக்கு முன் முடிந்துவிடும். ஆனால் இருவரும் நாலு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். “பஸ் இல்லையப்பா” என்பாள். அந்த றோட்டில் அப்படித்தான் என்று நானும் நம்பினேன்.

அந்த மாதங்களை ஏதோ தண்ணீருக்கு அடியில் இருந்து பார்த்ததுபோலத்தான் நினைவிருக்கிறது. வகுப்பில் கரும்பலகைக்கு முன் நின்று பாதிச் சமன்பாட்டில் மறந்துபோவேன். இரவில் இரண்டு மூன்று தடவை டோர்ச்சோடு எங்கள் முன்னறைக்குப் போய் மகளும் பேத்தியும் இருக்கிறார்களா என்று பார்ப்பேன். வீட்டில் சாமான்கள் காணாமல் போயின. முதலில் ஒரு வாளி. பிறகு நிலம் கூட்டுகிற தும்புத்தடி. பிறகு, அலுமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய ஃபான். மனைவியிடம் கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்” என்றாள். “நீங்கள்தானே ராப்பகலா வீட்டைக் காவல் காக்கிறனீங்கள். உங்களைக் கேக்கவேண்டிய கேள்வி.”

வெள்ளத்துக்குப் பிறகு வந்த முதல் பில்லில் பழைய நாட்களின் பாவனையும் சேர்ந்திருந்ததால் நான் எதையும் கவனிக்கவில்லை. அடுத்த மெசேஜ் வந்தபோது வாசலில்தான் இருந்தேன். கட்டவேண்டிய தொகை என்று ஒன்று இருந்தது. சின்னத் தொகைதான். ஆனால் பூட்டிய வீடு. ஆளில்லாத வீடு எதற்குக் காசு கேட்கிறது?

மேலே உள்ள வரிகளைப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. உடனே என் கண்ணில் தெரிந்தது அந்தச் சிவப்புப் பல்ப்தான். சுவிச்சை மேலே விட்டிருக்கிறேன். கரண்ட் திரும்ப வந்திருக்கிறது. ஈரச் சுவருக்கு நடுவில், சேற்றில் நிற்கிற சுருவத்துக்கு முன், அது தன்பாட்டில் எரிந்துகொண்டிருக்கிறது. சுவர் ஈரம் வயருக்குள் இறங்கும். எங்கள் தெருவில் வேறு யாராவது இருந்தாலும் இதைத்தான் நினைத்திருப்பார்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிகிற பல்ப் எங்களுக்கு அது ஒன்றுதான்.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் மின்சாரக் கந்தோருக்குப் போனேன். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்து என் முறை வந்தபோது, கவுண்டரில் இருந்த பிள்ளை என்னை அடையாளம் கண்டாள். பத்தாம் ஆண்டில் எனக்கு முன்னால் இருந்து கொட்டாவி விட்ட பிள்ளை.

“சேர், வாங்கோ. என்ன பிரச்சினை?”

“பூட்டின வீட்டிலை ஒரு பல்ப் எரியுது. சுருவத்துக்கு முன்னாலை. ஆரையும் அனுப்பி நிப்பாட்டேலுமோ?”

அவள் என் போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு கணினியில் பார்த்தாள்.

“அந்தப் பல்ப் எத்தினை வோட் சேர்?”

“ஐஞ்சு இருக்கும்.”

“இந்த பில் முப்பத்தாறு நாளுக்கு. றோட்டுச் சரியில்லாமல் மீற்றர் பாக்கிறவர் பிந்தித்தான் போயிருக்கிறார். ஐஞ்சு வோட், முப்பத்தாறு நாள், ராப்பகல். பெருக்குங்கோ.”

பெருக்கினேன். நாலு யூனிட்டுக்குச் சற்று மேலே வந்தது.

“அப்ப நாலு எண்டு காட்டோணும். யூனிட் சைபர் எண்டெல்லோ கிடக்கு. ஒண்டும் எரியேல்லை, சேர். எனக்கு நீங்கள்தான் கணக்குப் படிப்பிச்சனீங்கள். இதை வெளியிலை சொல்ல மாட்டன்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாதக்கணக்காக வராத சிரிப்பு.

“அப்ப எதுக்குக் காசு?”

“அது நிலையான கட்டணம். ஒண்டும் பாவிக்காட்டிலும் வரும். நீங்கள் சுவிச்சைப் போடேக்கை கரண்ட் வரோணுமெண்டால், போடாத நேரமும் அது உங்கட வீட்டு வாசலிலை வந்து நிக்கோணும். கம்பி, கம்பம், மீற்றர், பாக்க வாற ஆள், எல்லாம் நிக்கோணும். அப்பிடி நிக்கிறதுக்குத்தான் இது. நாள் எண்ணிப் போடுறது. முப்பது நாளிலை வந்து பாத்தால் முப்பது நாளுக்கு, முப்பத்தாறிலை வந்தால் முப்பத்தாறுக்கு.”

“முந்தி இதைவிடக் கூடவெல்லோ வாறது? நிலையானதெண்டால் மாறக்கூடாதே.”

“கூடப் பாவிக்கிற வீட்டுக்கு அதுவும் கூட. பாவனை குறைஞ்சால் கீழ்ப் படிக்கு இறங்கும். ஆனால் சைபருக்கு மட்டும் இறங்காது, சேர். இணைப்பு இருக்குமட்டும் இறங்காது.”

அவளிடமிருந்து போனை வாங்கிப் பையில் போட்டேன். பிறகு, அதற்காகத்தான் வந்தவன்போலக் கேட்டேன்: “இணைப்பை வெட்டுறதெண்டால்?”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “உங்கட பேரிலை கிடக்கிறபடியால் நீங்கள் எழுதித் தந்தால் காணும். ஆனால் திரும்ப எடுக்கிறது புதுசா எடுக்கிற மாதிரித்தான். வயரிங் பாக்க வருவினம், அலைச்சல். நல்லா யோசிச்சுப்போட்டு வாங்கோ.”

படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். கரண்ட் இல்லாத வீட்டில் நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரும் இருக்க மாட்டார்கள். அவள் எங்களோடுதான் இருப்பாள். என் கையெழுத்து ஒன்று போதும். அன்றைக்கே நிரப்பிக் கையெழுத்திட்டு, புள்ளிப் புத்தகத்துக்குள் வைத்தேன். மனைவி கண்டுவிட்டாள்.

“பிள்ளைக்குத் தெரியாமலோ?”

“பிறகு சொல்லுவம்.”

“வடிவாய்ச் சொல்லுவியள்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

இன்றைக்குக் கொடுப்போம், நாளைக்குக் கொடுப்போம் என்று நாள் போனது. அடுத்த மெசேஜ் வந்துவிட்டது. இந்தத் தடவை வரிவரியாகப் படித்தேன். நிலையான கட்டணம் என்ற வரியில் விரலை வைத்து, அது வாசலில் நிற்கிற கரண்டுக்கு உரியது என்று ஒதுக்கினேன். அதற்கு மேலே யூனிட்.

ஆறு.

இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். அதுதான் கெடுதலாகப் போனது. அந்தப் பல்ப் மாதம் முழுக்க எரிந்தாலும் ஆறு வராது. ஒன்று ஈரச் சுவருக்குள் கரண்ட் கசிகிறது, அல்லது யாரோ உள்ளே இருக்கிறார்கள். கசிகிறது என்றே நம்பினேன். சுவரில் கை வைக்கிற சின்னக் கை ஒன்று கண்ணுக்குள் வந்தது. படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாடசாலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மெயின் சுவிச்சைக் கீழே தட்டிவிட்டு, நேரே கந்தோருக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்துவிடுவது என்பது திட்டம்.

தாம்போதியின் இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறு மினுங்கியது. அடம்பனில் இறங்கி ஒழுங்கையால் நடந்தேன். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் நான் தனியே போனது அதுதான் முதல் தடவை. வயல்களில் வைக்கோல் மணம். மாடுகள் படுத்திருந்தன. வெயில் எல்லாவற்றையும் உறங்க வைத்திருந்தது. மதில்களில், மரங்களில், கோயில் சுவரில் எல்லாம் நெஞ்சளவு உயரத்தில் ஒரே மட்டத்தில் ஒரு மண்ணிறக் கோடு ஓடியது. அந்தக் கோட்டுக்குக் கீழே நடக்கிறேன் என்ற நினைப்பு வந்ததும் மூச்சுத் திணறியது. நின்று, நடந்து, நின்று போனேன்.

வீட்டின் வெளிச்சுவரில் மீற்றர். அது பழைய வகை; கண்ணாடிக்குள் ஒரு வட்டத் தகடு கிடையாகச் சுற்றும், அதன் விளிம்பில் ஒரு சிவப்பு அடையாளம் இருக்கும். தகடு சுற்றிக்கொண்டிருந்தது. மிக மெதுவாக. சிவப்பு அடையாளம் முன்னால் வந்து, என்னைப் பார்த்துவிட்டுப் போவதுபோல் மறைந்து, வெகுநேரம் கழித்து மறுபடி வந்தது. அதை எத்தனை தடவை பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது.

முன்கதவு பூட்டப்படவில்லை.

உள்ளே நிலம் கழுவித் துடைத்துக் கிடந்தது. மூலையில் எங்கள் வாளி. அதற்குப் பக்கத்தில் எங்கள் தும்புத்தடி. எங்கள் பழைய ஃபான் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு தடவை சுவருக்கும் ஒரு தடவை பாய்க்கும் காற்றுக் கொடுத்தது. பாயில் மகள் படுத்திருந்தாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் விட்ட பிறகு இப்படித்தான் உறங்குவாள். சுவரில் அந்தோனியார் கழுவித் துடைத்தபடி நின்றார். அவருக்கு முன்னால் சிவப்புப் பல்ப் எரிந்தது.

பேத்தி விழித்திருந்தாள். சுவரில் வெள்ளம் விட்டுப்போன கோட்டின் மேல் சோக்கால் மீன்கள் கீறிக்கொண்டிருந்தாள். விரலை வாயில் வைத்தாள்.

“சத்தம் போடாதேங்கோ அம்மப்பா. அம்மா படுக்கிறா.”

நான் வாசற்படியில் இருந்தேன். பேத்தி வந்து என் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று கண்டு, கீறத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை.

மகள் எழும்பியபோது என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. கூந்தலை முடிந்துகொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

“அம்மா சொன்னவவோ?”

“இல்லை. பில் சொன்னது.” போனை எடுத்துக் காட்டினேன். “ஆறு யூனிட்.”

அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். “ஃபானும், தண்ணி மோட்டரும். ஒரு நாள் அயன் பண்ணினனான்” என்றாள், பிடிபட்டவள்போல. பிறகு, “வயரிங் எல்லாம் ஆளைக் கூப்பிட்டுப் பாத்துத்தான் போட்டது. போகேக்கை மெயினையும் நிப்பாட்டிப்போட்டுத்தான் போறனான். அந்தோனியாரையும் சேத்துத்தான்.”

“இவ்வளவு நாளும் இஞ்சை வந்து என்ன செய்யிறாய்?”

“முதல் கழுவினனான். இப்ப படுக்கிறன்.”

“படுக்கவோ?”

“அங்கை எனக்கு நித்திரை வாறேல்லையப்பா.” சொல்லத் தயங்கினாள். “நீங்கள் டோர்ச்சோடை வருவியள். வெளிச்சம் முகத்திலை படும். நான் நித்திரை மாதிரிக் கிடப்பன். நீங்கள் போனாப்பிறகு, அடுத்த தரம் எப்ப வருவியள் எண்டு பாத்துக்கொண்டு கிடப்பன்.”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியில் ஒரு மாடு எழும்பி, யோசித்து, மறுபடி படுத்தது.

கடைசியில் அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னேன். மேசன் சொன்னதை, மரம் வாங்கினதை, படகிலிருந்து பார்த்ததை. அவள் எழுந்து போய்ச் சுவரில் இருந்த மண்ணிறக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அது அவள் நெஞ்சுக்கு வந்தது.

“ஒரு கல்லு எவ்வளவு உயரமப்பா?”

கையால் காட்டினேன்.

“அப்ப தண்ணி இவ்வளவுக்கு வாறதுக்குப் பதிலா இவ்வளவுக்கு வந்திருக்கும்.” கோட்டுக்குக் கீழே அரை முழத்தில் கையை வைத்தாள். “அப்பவும் நாங்கள் மேலைதான் ஏறியிருப்பம். இதுக்கோ இவ்வளவு நாளும் நித்திரை கொள்ளாமல் திரிஞ்சனீங்கள்?”

ஆசிரியனான எனக்கு இந்தக் கழித்தல் தோன்றவே இல்லை.

“உனக்குப் பயமில்லையோ?” என்று கேட்டேன்.

“பயம்தான். மாரி மாதத்திலை உங்களோடை வந்து நிக்கிறன். வான் பாயிற சத்தம் கேக்கிறதுக்கு முதலே வாறன். மற்ற மாதம் இஞ்சை. அவருக்கும் சொல்லிப்போட்டன். உங்களுக்குச் சொல்லத்தான் ஏலாமல் கிடந்தது.”

நான் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தேன். மூன்று பேரும் பூட்டிக்கொண்டு புறப்பட்டபோது அவள் மெயின் சுவிச்சைக் கீழே தட்டினாள். சிவப்புப் பல்ப் அணைந்தது. வெளியில் வந்து மீற்றரைப் பார்த்தேன். தகடு நின்றிருந்தது.

பஸ்ஸில் பேத்தி எனக்கு அந்தத் தாளைத் தந்தாள். ஒரு வீடு, வீட்டைவிடப் பெரிய ஃபான், வாசலில் ஒரு ஆள். “ஆரிது?” என்றேன். “அம்மப்பா. நிக்கிறார்” என்றாள். திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில் என் கையெழுத்து.

இரண்டு நாள் கழித்துத்தான் கந்தோருக்குப் போனேன். இரண்டு நாளும் யோசித்தேன் என்று சொன்னால் பொய். பயந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

“வெட்டுறதோ சேர்?”

“பேர் மாத்தோணும். மகளின்ரை பேருக்கு.”

அவள் வேறு படிவம் தந்தாள். பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம். கடைசியில் தொலைபேசி இலக்கம். பேனை அங்கே நின்றது.

“இதுக்கு என்ர நம்பரைப் போடட்டோ?”

“போடலாம். ஆனால் பில் அவவுக்கு வராது, உங்களுக்குத்தான் வரும்.”

“ரெண்டும் போடேலாதோ?”

“ஒரு பெட்டிதான் சேர் கிடக்கு.” அவள் காத்திருந்தாள். வாங்கில் ஒருவர் செருமினார். “என்ன சேர், கஷ்டமான கணக்கோ?”

மகளின் இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாக எழுதினேன். எழுதி முடித்த பிறகு, சரியா என்று போனில் பார்த்து ஒப்பிட்டேன். சரியாகத்தான் இருந்தது.

ஈஸ்டர் நெருங்கி, பெரிய வியாழனுக்கு முந்தின கிழமை மகளும் பேத்தியும் அடம்பன் வீட்டுக்குப் போனார்கள். மனைவி வாளியையும் ஃபானையும் திருப்பிக் கேட்கவில்லை. அந்த மாதம் மெசேஜ் வருகிற நாள் அளவில் நான் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு போனை மடியில் வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அங்கே எத்தனை யூனிட் என்று எனக்குத் தெரியாது. ஃபான் ஓடுகிறதா, தண்ணீர் மோட்டரை யார் போடுகிறார்கள், எதுவும் தெரியாது. பேசும்போது கேட்கலாம். கேட்கவில்லை.

இப்போதும் இரவில் எழும்புகிறேன். கால் தன்பாட்டில் முன்னறைக்குப் போகும். அவர்கள் போன அன்றைக்குக் கட்டிலுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன், டோர்ச் இல்லை. வாளியைப்போல அதுவும் போய்விட்டது. மகள் கொண்டுபோனாளா, மனைவி கொடுத்துவிட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. இருட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு வந்து படுத்துவிடுகிறேன்.